விடாத நோன்பு

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால். டாக்டர் பானுப்பிரியா முஹ்சினாவின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தார்.

"நாடி நாப்பத்தி நாலுதான் இருக்கு."

முஹ்சினா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முந்தின நாள் வகுப்புக்குப் போகும்போது மாடிப்படியில் மயங்கி விழுந்திருந்தாள். விருதுநகர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"நோன்பு."

"திங்களும் வியாழனும் பிடிப்பா," என்றாள் அம்மா ஷரீஃபுன்னிசா. பழக்கத்தில் குரலில் பெருமை வந்துவிட்டது.

"மாதவிலக்கு கடைசியா எப்ப வந்துச்சு?"

அத்தா முகம்மது யூசுப்பின் போன் அடித்தது. அவர் சிவகாசி பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டை அனுப்புகிறவர். சீசன். எழுந்து வெளியே போனார்.

முஹ்சினா தரையைப் பார்த்தாள். பதில் சொல்ல வாய் திறந்த ஷரீஃபுன்னிசாவுக்கு ரமலான் நினைவுக்கு வந்தது.

ரமலானில் மகள் ஒரு நோன்பையும் விடவில்லை. விலக்கான நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் சமையற்கட்டில் எதையாவது சாப்பிடுவார்கள். விட்டதைப் பிறகு பிடிப்பார்கள். முஹ்சினா சமையற்கட்டுப் பக்கமே வரவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிற பெண்கள் விலக்கைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை போடுவார்கள். அதைப் போட்டிருப்பாள் என்று ஷரீஃபுன்னிசா நினைத்தாள். கேட்கவில்லை. இரவில் தராவீஹ் தொழுகைக்கு வந்த பெண்களிடமெல்லாம் மகளைப் பற்றிச் சொன்னாள்.

"மாத்திரை எதுவும் போட்டியா?" என்று இப்போது கேட்டாள்.

"எந்த மாத்திரை?" என்றாள் முஹ்சினா.

யூசுப் திரும்பி வந்தார். மகள் தானே பட்டினி கிடந்து மெலிவது ஒரு நோய் என்று டாக்டர் சொன்னார். "இது மனசு வியாதியா, உடம்பு வியாதியா டாக்டரம்மா?"

"பிரிக்க முடியாதுங்க. சிலருக்குப் பிறவியிலேயே இதுக்கு வாகு இருக்கும். ஏதோ ஒரு பயத்துல ஆரம்பிக்கும். அப்புறம் உடம்பு தன்னைக் காப்பாத்திக்க ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வரும். விலக்கு நின்னுருச்சு. நாடி இறங்கிருச்சு. மூளைக்கும் சோறு கிடைக்கல. பட்டினி கிடக்குற மூளை, சாப்பிடணும்னு எப்படி முடிவெடுக்கும்?"

"புத்தி சொன்னா?"

"முதல்ல பால். பேச்செல்லாம் அப்புறம்." டாக்டர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். குடிச்சா நாளைக்கு வாங்க. மாட்டேன்னா இன்னைக்கே மதுரையில சேர்க்கணும். நெஞ்சு தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் ஷரீஃபுன்னிசா பாலைக் காய்ச்சினாள்.

"நம்ம வீட்டுல சோத்துக்கா பஞ்சம்?" என்றார் யூசுப். "நீ என்னத்தப் பாத்தே?"

"நீங்க என்னத்தப் பாத்தீக? ஒங்க அக்காவும் இப்படித்தான இருந்தாக?"

"அவுக எந்நேரமும் தொழுகையில இருந்த மனுசி."

"எலும்பும் தோலுமாப் போய்ச் சேந்தாக. ஊரே இறைநேசர், அவுலியான்னுச்சு."

யூசுப் மகளின் கட்டிலருகே போனார். பள்ளிவாசல் அஜரத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அப்துல் ஹக்கீம் அஜரத் முழுவதையும் கேட்டார்.

"நோயாளிக்கு ரமலான் நோன்பே கட்டாயமில்ல பாய். இது உபரி நோன்பு. முறிச்சாக் குத்தமில்ல. ஏ பிள்ள, கேக்குதா? அல்லா கேட்டா அஜரத்துதான் முறிக்கச் சொன்னாருன்னு என் பேரச் சொல்லிரு. நான் பாத்துக்கிறேன்."

யூசுப் சிரிக்கப் பார்த்தார். போனை அணைத்தார்.

"நோயாளிக்குத்தான சொன்னாக," என்றாள் முஹ்சினா. "நான் நல்லாத்தான இருக்கேன்."

"மதுரைக்குக் கார் சொல்லிட்டு வாரேன்," என்று யூசுப் வாசலுக்குப் போனார்.

ஷரீஃபுன்னிசா டம்ளருடன் கட்டிலில் உட்கார்ந்தாள். பாலில் ஆடை படிந்தது. மகள் அதையே பார்த்தாள். ஷரீஃபுன்னிசா விரலால் ஆடையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"பசிக்கவே இல்லையா ஒனக்கு?"

"மொதல்ல பசிச்சுச்சு. பெறகு அந்தச் சத்தம் நின்னுருச்சு." முஹ்சினா ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நல்லா இருந்துச்சு."

"இப்ப?"

"இதக் குடிச்சா திரும்ப வந்துருமோன்னு இருக்கு. வந்தா என்னால நிறுத்த முடியாது."

"முஹ்சி, நெசமாச் சொல்லு. இது நோன்பா?"

தெருவில் கார் வந்து நின்றது. யூசுப் டிரைவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது கேட்டது.

"தெரியலம்மா," என்றாள் முஹ்சினா.

"நீ பண்றத நான்தான் பெருமையாப் பேசுனேன். இப்ப நானே சொல்றேன். ஒனக்கு நோய்தான்மா. குடி."

முஹ்சினா டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கினாள். ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு விழுங்கினாள். கண்களில் நீர் கட்டியது. டம்ளர் இன்னும் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

"இதோட விட்டுருவீகளாம்மா?"