இடது கை காட்டிய கணக்கு

அந்த அறையில் இருந்தவர்கள்: குழந்தைகளுக்கு இதயம் பார்க்கும் டாக்டர் புகழேந்தி. நர்ஸ் ஜெமிமா. என் அக்கா மாரித்தாய். அத்தான் பெத்தணன். அவர்கள் மகள் எழில், வயது ஒன்பது. அப்புறம் நான், முனியராஜ், எழிலின் தாய்மாமன். நர்சிங் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவன். எட்டு வருடமாகத் திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட்.

இடம் மதுரை. வருடம் 2009. தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. அக்காவும் அத்தானும் பட்டாசு வேலைக்கு ஒரே நாளில் லீவு போட்டது அதுதான் முதல் தடவை.

எழிலுக்குப் பிறந்த இரண்டாம் மாதமே சென்னையில் ஆபரேஷன் ஆனது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், இடது கைக்குக் கிளை பிரிகிற இடத்தை ஒட்டிச் சுருங்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, வருடம் ஒரு தடவை கட்டாயம் காட்டச் சொன்னார்கள். ஐந்து வயது வரை மதுரையில் காட்டினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்த வைத்தவன் நான்.

நர்சிங்கில் நான் உருப்படியாகக் கற்றது பிரஷர் பார்ப்பது ஒன்றுதான். பழைய கருவி ஒன்றை வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு அக்கா வீடு இருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறுவேன். எழில் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள்.

"மாமா, அந்தக் கையப் பிடிங்க. இந்தக் கை பூராம் பசை. லோடு எடுக்க வேன் வந்துரும்."

இடது கையை நீட்டுவாள். வலது கை பசையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நூறுக்கு அறுபத்தாறு. நோட்டில் எழுதுவேன். நான்கு வருடமும் அதே கை, அதே மாதிரி எண்கள்.

"நீயே இம்புட்டு நல்லாப் பாக்க, எதுக்குலே மதுரைக்கு அலையணும்?" என்பாள் அக்கா. எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தக் கோடையில் எழிலுக்கு ஓயாமல் தலைவலி. இரண்டு தடவை மூக்கில் ரத்தம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் கால் கடுக்கிறது என்று உட்கார்ந்துவிடுவாள். வெயில் என்றோம். பிறகுதான் மதுரைக்கு வந்தோம்.

எழில் பழக்கத்தில் இடது கையைத்தான் நீட்டினாள். ஜெமிமா பார்த்து, "நூத்தி ரெண்டு, டாக்டர்" என்றாள்.

டாக்டர் எழிலின் முதுகுத் தழும்பைப் பார்த்தார். "வலது கையில பாரும்மா."

ஜெமிமா பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். "நூத்தி அறுபது."

தொடையில் கட்டிப் பார்த்தால் தொண்ணூற்றாறு. கையைவிடக் குறையக் கூடாத இடம். டாக்டர் என் விரலை இழுத்து எழிலின் பாதத்தின் மேல் வைத்தார். நாடி இருக்க வேண்டிய இடம். ஒன்றும் இல்லை.

"இத்தனை வருஷம் யாரு பிரஷர் பாத்தது?"

"நான்தான்."

"எந்தக் கையில?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். இடது கைக்குப் போகும் குழாயை வெட்டி, பிளந்து, மடக்கி, சுருங்கிய இடத்தின் மேல் ஒட்டாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் அது எழுதியிருந்தது. அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். நான் ஒரு நாளும் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

"அப்ப இந்தக் கைக்கு ரத்தம்?" என்றேன்.

"சந்து பொந்துல புகுந்து வருது. பக்கத்துல உள்ள சின்னக் குழாயெல்லாம் பெருத்து வழி விட்டிருக்கு. கை பொழைக்க அது போதும். ஆனா அதுல பிரஷர் கம்மியாத்தான் காட்டும். நெசமான கணக்கு வலது கையிலதான்."

அந்தக் கையைப் பார்த்தேன். மற்றதைவிடக் கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். தனக்கான குழாயைக் கொடுத்துவிட்டு, ஒன்பது வருடம் தாக்குப்பிடித்து, தீப்பெட்டியும் பிடித்திருக்கிறது. பென்சில் பருமன்கூட இல்லாத குழாயில் எவரோ போட்ட ஒட்டு, இவள் வளர வளரக் கூடவே வளர்ந்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் மறுபடி இறுகிவிட்டது.

அத்தான் படத்தின் மேல் குனிந்தார். "ராக்கெட்டுக்குக் குழாய்க் கழுத்துல நூல் போட்டு இறுக்குவோம். அங்கன நெருக்குனாத்தான் வேகம். அது மாதிரிங்களா?"

"அதேதான். ஆனா இது மேல போயிரக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை.

"தொடை வழியா கம்பி விட்டு, அந்த இடத்துல பலூனை ஊதி விரிக்கணும்" என்றார் டாக்டர்.

"வெடிச்சிருமா?" என்றாள் அக்கா. பட்டாசுக்காரியின் கேள்வி.

"கிழியலாம். அபூர்வம். இப்படியே விட்டா மூளையில ரத்தம் கசியும், இதயம் களைச்சுப்போகும். அது அபூர்வம் இல்ல."

மறுநாள் காலை எழிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெமிமா கனமான கதவை இழுத்தபோது அக்கா பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டாதீக! ஆளு உள்ள இருக்கையில கதவப் பூட்டக் கூடாது!"

பட்டாசு அறையில் அதுதான் முதல் பாடம். கதவு திறந்தே இருக்க வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் கரிந்தவர்களை அக்கா பார்த்திருக்கிறாள்.

"யக்கா, நானும் சாத்தூர்க்காரிதான். எனக்கும் தெரியும்" என்றாள் ஜெமிமா. "உள்ள எக்ஸ்ரே ஓடும். சாத்தாம வேலை நடக்காது. கைய எடுங்க."

அக்கா ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "விரிஞ்சிருச்சு. கிழியல." உட்காரப்போன அத்தான் நாற்காலி எங்கே என்று பார்க்காமல் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். "மறுபடி சுருங்கலாம். ஆயுசு பூரா வருஷா வருஷம் காட்டணும். வலது கையில பாக்கணும்."

சாயங்காலம் ஐசியூவுக்குள் என்னை இரண்டு நிமிடம் விட்டார்கள். எழில் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"எந்தக் கை, மாமா?"

"கால்."

பாதத்தின் மேல் விரலை வைத்தேன். தட்டியது. அழுத்தமாக, ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் தட்டியது. எட்டு வருடமாக ராத்திரி முழுக்க மெஷின் தட்டுவதைக் கேட்கிறேன். அதில் ஒன்றும் இப்படி என் கையைத் தள்ளியதில்லை. எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணினேன்.

"போதும்ணே, நேரமாச்சு" என்றாள் ஜெமிமா.

வெளியே வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் ஜெமிமா கதவைச் சாத்தி, பூட்டினாள். அக்கா பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டாள். கதவைப் பிடிக்க இந்தத் தடவை கையை நீட்டவில்லை.