பெயருக்கு விட்ட இடம்

நாடக ஒத்திகை அறையில் இயக்குநர் நடுவில், கால்மேல் கால் போட்டு, வயலின்காரி சன்னலோரம், டிரம்காரர் கதவை அடைத்துக்கொண்டு, பாட்டுக்குழு எட்டுப் பேரும் சுவரோரப் பலகையில், இசையமைப்பாளர் மட்டும் பியானோவின் முன், எல்லோருக்கும் முதுகைக் காட்டி... அதுவும் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் ஒப்பாரியின் கடைசி அடியை எட்டு வாயும் சேர்ந்து இழுத்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார்கள். எங்கே போனே பொம்மீ. பொம்மி அவர் மகள், ஏழு மாத வயிற்றோடு வியாழக்கிழமை நாடகம் பார்க்க ரயிலேறி வரப்போகிறவள், முன்வரிசையில் ஓர் இருக்கை எடுத்து வைக்கச் சொன்னவள். சொல் கிடைக்காத இடத்தில் அவள் பெயரைப் போட்டு மெட்டுக் கட்டுவது இருபத்தாறு வருடப் பழக்கம், கல்யாணப் பாட்டோ கள்ளன் பாட்டோ முதலில் எல்லாம் பொம்மிதான், பாட்டாசிரியரின் வரி வந்ததும் அழித்துவிடுவார். இந்த ஒன்றில் அழிக்க மறந்து, படியெடுப்பவர் அப்படியே எழுதி, இவர் காய்ச்சலில் கிடந்த வாரத்தில் குழு மனப்பாடம் செய்துவிட்டது... மறந்துதானா?

இந்த ஒப்பாரியைப் பாடிக் கொடுத்த கல் உடைக்கும் அம்மா அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள், தொடையில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். அங்கே என்ன பேர் என்று கேட்டதற்கு, "இருக்கிறவங்க பேர அங்க வைக்கக்கூடாதுங்க. இல்லாத ஆளுக்குத்தான் அந்த எடம்" என்றாள். அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. இப்போது அந்தப் பெயரை மாற்றிவிடலாமா என்று அவர் மெல்ல இழுத்ததற்கு இயக்குநர், "அண்ணே, அந்தப் பேர் விழுந்தப்பதான் எனக்குப் புல்லரிச்சுது. கைய வெச்சீங்கன்னா நாடகம் படுத்துரும்" என்றார். பொம்மி யாருண்ணே, பழைய ஆளா என்று டிரம்காரர் கண்ணடிக்க, அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். என் பொண்ணுய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மாற்றியிருப்பார்கள்... தெரிந்துதான் சொல்லவில்லையோ? மனதுக்குள் வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் உட்காரவில்லை, இத்தனை வருடத்தில் அவருக்கென்று வாய்த்த ஒரே அடி அது.

சாப்பாட்டு இடைவேளையில் பியானோ மூடிமேல் தாளை வைத்து, தேதியிட்டு, மகளுக்கு எப்போதும்போல் எண் போட்டு எழுதினார். ஒன்று, இந்த உடம்போடு பிரயாணம் வேண்டாம். இரண்டு, நாடகம் சுமார்தான். மூன்று, மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. நான்கு என்று போட்டு, எழுத ஒன்றும் வராமல் அடித்தார். உறையிலிட்டுப் பசை தடவி ஒட்டினார், விரலால் ஓரத்தை இரண்டு முறை தட்டினார், இரண்டு தட்டு... கையை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்து தபால்பெட்டியில் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. நாளைக்கே கிடைத்துவிடும், அப்பா பேச்சைத் தட்டமாட்டாள், வரமாட்டாள். அப்படியென்றால் வியாழக்கிழமை முன்வரிசையில் அந்த இருக்கை காலியாகக் கிடக்கும், எட்டுப் பேரும் அதைப் பார்த்துத்தானே பாடுவார்கள்... இல்லாத ஆளுக்குத்தான் அந்த எடம். பெட்டியின் வாய்க்குள் விரல்களை நுழைத்துப் பார்த்தார். எட்டவில்லை.