மாமனார் குலுக்கிய சோதனைக் குழாய்

அண்ணியை அப்பா பொய்க்காரி என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு, பொடியை வில்லையாக அழுத்தும் அச்சு இயந்திரத்தையே தூக்கி எறிந்திருப்பேன். அது நகராது என்பதால் விட்டுவிட்டேன்.

செயற்கைப் பல்லுக்கான பீங்கான் வில்லைகள் எங்கள் பட்டறையில் தயாராகின்றன. அதற்கான சிர்கோனியாப் பொடியை வெளியில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். வேதியியல் படித்த அண்ணி, "நாமளே செய்யலாம் மாமா" என்று பின்னறையில் இறங்கினார். சிர்கோனிய உப்புக் கரைசலில் அமோனியா விட்டு வெண்கூழாகப் படியவைத்து, கழுவி, உலர்த்திச் சுட்டார். முதல் மாதிரிப் பொடியை விரலில் தேய்த்தேன். நறநறப்பே இல்லை, ரேகை மட்டும் வெளுத்திருந்தது. அடேயப்பா, என்ன மென்மை!

கூழில் உப்பு மிச்சமிருந்தால் சூளையில் வில்லை வெடித்துவிடும். அதனால் கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். கலங்கினால் உப்பு இருக்கிறது. அண்ணி பார்த்தால் தெளிவாக நிற்கும். அப்புறம் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தானும் பார்ப்பார். கலங்கும். மூன்று முறை மொத்தக் கூழையும் கொட்டவைத்துவிட்டார்.

அன்று எங்கள் எதிரிலேயே குழாயைக் குலுக்கினார். மறுபடியும் கலங்கியது.

"யார் கண்ணுல மண்ணைத் தூவுறே? பொய்க்காரி! இந்த ரூமை இன்னிக்கே மூடிடறேன்."

அண்ணி அவர் கையையே பார்த்தார். குழாயின் வாயை அப்பா கட்டைவிரலால் அடைத்திருந்தார். விரல் நுனி கறுத்திருந்தது. வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் அப்படித்தான் ஆகும்.

அண்ணி இன்னொரு குழாயில் சொட்டு விட்டு நீட்டினார். "இதையும் குலுக்குங்க மாமா."

குலுக்கினார். கலங்கியது. "பாத்தியா!"

"இது வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணி மாமா. உப்பு உங்க விரல் வேர்வையில இருக்கு."

கூழ் கழுவிய நீரில் ஒரு சொட்டு விட்டு, ரப்பர் மூடி போட்டு அண்ணி குலுக்கிக் காட்டினார். துளியும் கலங்கவில்லை. எனக்கு விசிலடிக்கவேண்டும்போல இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன்.

"அப்போ கொட்டினதெல்லாம்?"

"நல்ல கூழ்தான் மாமா."

நானாயிருந்தால் வறுத்தெடுத்திருப்பேன். அண்ணி குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தப் பொறுமைக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

எங்கள் பட்டறையில் ஒரு பல்பை மாற்றவும் அப்பாவைக் கேட்கவேண்டும். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய், இனிமே அண்ணி சரின்னா பொடியை அச்சுல போடு. என்னைக் கேக்காதே."