ஒற்றை விரல் பேச்சு

நாஸ் ஊரின் கடைசி ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் மாலக்கி தன் மருமகனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கிலியனுக்குக் கார் ஓட்டத் தெரியும். சாலையில் போகத் தெரியாது. இரண்டும் வேறு வேறு என்பது டப்ளினில் பிறந்தவனுக்கு எப்படிப் புரியும்?

மாலக்கிக்கு எழுபத்தாறு வயது. ஐம்பத்தெட்டு வருடம் ஸ்டீயரிங் பிடித்தவரை இன்று மடியில் ஒரு ஜெரேனியப் பூத்தொட்டியைக் கொடுத்து இடதுபக்க சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். ஜனவரியில் கண் டாக்டர் சொல்லிவிட்டார்: பார்வையின் நடுவே மங்கல் விழுந்துவிட்டது, இனி ஓரப் பார்வைதான், வண்டியைத் தொடக்கூடாது. மகள் ஈத்னா அன்றைக்கே சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மேயோ மாவட்டத்தின் மேற்குக் கடைசியில் தனி வீட்டில் இருந்தவரை, கிழக்கே தன் வீட்டு மாடி அறைக்குக் கூட்டி வந்தும் விட்டாள். நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் தெரியும்.

ஏழு மாதம் கழித்து இன்றுதான் ஊருக்குப் போகிறார்கள். ஜூலை கடைசி ஞாயிறு அங்கே கல்லறை மந்திரிப்பு. மூன்று மணிக்குப் பங்குச் சாமியார் வந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். ஊரே அவரவர் குடும்பக் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும். முந்தின வாரமே களை பிடுங்கி, வெள்ளைக் கல் கொட்டி, பூ வைத்திருப்பார்கள். களை முளைத்த கல்லறைக்குப் பக்கத்தில் நிற்பதைவிட அதற்குள் படுத்துக்கொள்வது மேல் என்பது அந்த ஊர் நியாயம்.

ஆனால் மாலக்கி நான்கு மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்து போவது செத்தவர்களுக்காக அல்ல. ஃபெஸ்டிக்காக. ஃபெஸ்டி அவருடைய அண்ணன்.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள். சொன்னவர் மேயோவில் வழித்தகராறு பார்த்திருக்க மாட்டார். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஃபெஸ்டி தன் வயலுக்குக் கேட் போட்டுப் பூட்டினார். அந்த வழியாகத்தான் மாலக்கி கடற்கரைக்குப் போய் உரத்துக்குப் பாசி அள்ளி வருவார். மாலக்கி வக்கீல் நோட்டீஸ் விட்டார். பேச்சு நின்றது. அடுத்த வருடம் அம்மா இறந்தபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருவரும் தோளோடு தோள் நின்று, துக்கம் கேட்க வந்த முந்நூறு பேருக்குக் கை கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். தெரிந்தவர், தெரியாதவர், சாமியார், வரி வசூலிப்பவர், எல்லோருக்கும் அதே விரல். தூக்காமல் போனால் அது போர் அறிவிப்பு. அவ்வளவு தூரம் போக அண்ணனுக்கும் மனமில்லை, தம்பிக்கும் மனமில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எதிர் எதிரே வருவார்கள். இவர் விரல் எழும், அவர் விரல் எழும். இருக்கிறாயா? இருக்கிறேன். அதோடு சரி. வீட்டுக்கு வந்து மாலக்கி நிம்மதியாகத் தேநீர் குடிப்பார்.

சாவி போனபோது அதுவும் போனது. இதை அவர் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று பயம்.

ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு அருகே மழையில் ஓரம் கட்டி, பிளாஸ்க் தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் சாப்பிட்டார்கள். வானொலியில் மேயோ கால்பந்து அணி தோற்றுக்கொண்டிருந்தது. மழைக்கும் அதற்கும் பழகியவர்கள்.

கிராஸ்மொலினா தாண்டியதும் சாலை குறுகியது. இருபுறமும் பழுப்பாகச் சதுப்புநிலம் விரிந்தது. எதிரே வந்த முதல் காரில் விரல் எழுந்தது மாலக்கியின் ஓரக்கண்ணுக்கே தெரிந்தது. கிலியன் தன் பாட்டுக்கு ஓட்டினான்.

"விரல் தூக்கினாரு, பாத்தியா மாப்ள?"

"யாரு மாமா அவரு? தெரிஞ்சவரா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குத் தூக்கினாரு?"

மாலக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்று ஏன் அடிக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? இன்னும் பத்துக் கார் கடந்ததும் பின்சீட்டில் பேத்தி ரோஷீன் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். பதினான்கு வயது. வழி நெடுக வாந்தி வருகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவள்.

"அப்பா, இதுவரைக்கும் பதினோரு பேரு தூக்கியிருக்காங்க. நீ ஒருத்தருக்கும் தூக்கல. மானத்த வாங்குற."

"சும்மா இரு. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கணும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"ஒரு விரலத் தூக்கினா வண்டி கவுந்துடுமாக்கும்?" என்றாள் ஈத்னா.

ரோஷம் வந்துவிட்டது கிலியனுக்கு. அடுத்து வந்த டிராக்டருக்கு ஐந்து விரலையும் விரித்து, கப்பலிலிருந்து விடைபெறுபவனைப் போல ஆட்டினான். டிராக்டர்காரன் சடாரென்று பிரேக் போட்டான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாச்சு? முன்னாடி மாடு கீடு நிக்குதா?"

"இல்லிங்க. சும்மா. வணக்கம் சொன்னேன்."

அந்த ஆள் கிலியனை மேலும் கீழும் பார்த்தான். "கார்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பின்சீட்டில் தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிலியனின் காது சிவந்தது. அதற்குப் பிறகு அவன் கைகள் இரண்டும் ஸ்டீயரிங்கில் ஆணி அடித்ததுபோல் இருந்தன. மாலக்கியும் சேர்ந்து சிரித்தார். அதற்காகப் பிறகு தன்னையே நொந்துகொண்டார்.

பேங்கர் ஊரைக் கடந்து கடலை நோக்கிப் பிரியும் சந்துச்சாலையில் திரும்பினார்கள். ஒரு கார் அகலம்தான். நடுவே புல் முளைத்திருக்கும். அங்கேதான் சிவப்பு வேன் எதிரே வந்தது.

மாலக்கிக்கு நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. முகத்தை வேலிப் பக்கம் திருப்பி, ஓரக்கண்ணில் பார்த்தார். ஃபெஸ்டியின் வேன். முன்விளக்குக்கு மேலே பழைய நசுங்கல். ஏழு மாதம்!

கிலியன் பள்ளத்துக்குப் பயந்து ஒரு கேட் வாயில் ஒதுங்கி நின்றான். வேன் ஒரு கை இடைவெளியில், மெல்ல, கிலியன் பக்கமாகத் தேய்ந்து வந்தது. ஃபெஸ்டி வேலைச் சட்டையில் இருந்தார். அவருடைய விரல் எழுந்தது. வழக்கம்போல் எழுந்து இறங்கவில்லை, எழுந்தபடியே நின்றது. மாலக்கியின் விரலும் எழுந்தது. ஆனால் அது ஜெரேனியத் தொட்டிக்குப் பின்னால் எழுந்தது. ஸ்டீயரிங்கில் இருந்த கைகளோ அசையவில்லை. கிலியன் தன் பக்கக் கண்ணாடி உரசிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபெஸ்டியின் விரல் இறங்கியது. வேன் போய்விட்டது.

"வண்டியத் திருப்பு!"

"மாமா?"

"திருப்புடான்னா! அவரு பின்னாடி போ!"

"இதுல எங்க மாமா திருப்புறது? ரெண்டு பக்கமும் பள்ளம்."

"அப்பா, மணி ரெண்டே முக்கால். சாமியார் நமக்காகக் காத்திருக்க மாட்டாரு. யாரு அது, பெரியப்பாவா? அவருகிட்டதான் நீங்க பேசறதே இல்லையே," என்றாள் ஈத்னா.

"பேசறதில்ல. விரல் தூக்குவோம்."

"என்னது?"

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டார். இவ்வளவு காலம் வாயைத் திறக்காதவர் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கத்தினார். "பத்தொம்பது வருஷம். ஒரு தடவ கூட நான் தவறினதில்ல, அவரும் தவறினதில்ல. அவ்வளவுதான் எங்களுக்கு மிச்சம் இருந்துச்சு. இப்ப அவரு என்ன நெனச்சிருப்பாரு? டவுனுக்குப் போனதும் திமிர் வந்துருச்சு, மருமகன்கிட்டயும் தூக்காதன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான்னு நெனச்சிருப்பாரு. எனக்கு அண்ணன் இருந்தாரு. இப்ப இல்ல."

காருக்குள் யாரும் சிரிக்கவில்லை. கிலியன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். ஈத்னா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வெறும் சாவி என்று நினைத்துக் கைப்பையில் போட்டோமே என்றிருந்தது.

படகுத்துறைவரை போய்த்தான் திருப்ப முடிந்தது. வேன் எங்கும் தென்படவில்லை. ஃபெஸ்டியின் வீட்டு முற்றத்திலும் இல்லை. மணியும் ஆகிவிட்டது. வேறு வழியின்றிக் கல்லறைத் தோட்டத்துக்கே போனார்கள். சாலை ஓரம் முழுக்கக் கார்கள்.

பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கும்போது மாலக்கிக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. அப்பா அம்மா கல்லறையை அவர்கள் பாதிப் பாதியாகப் பிரித்துப் பராமரித்து வந்தார்கள். வலது பாதி அண்ணனுக்கு, இடது பாதி தம்பிக்கு. நடுவே கயிறு கட்டாத குறை. ஏழு மாதமாக இடது பாதியைத் தொட ஆளில்லை. ஊர் முன்னால் அது பன்றி மேய்ந்த தோட்டமாகக் கிடக்கும்.

"தாத்தா, எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் ரோஷீன்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும். வெள்ளைக் கல்லு புதுசாப் போட்டிருக்கு. நம்ம பக்கம் மண்ணு இன்னும் ஈரமா இருக்கு. இப்பத்தான் களை எடுத்த மாதிரி."

மாலக்கி முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரே வெள்ளை. பாதி எது, பாதி எது என்று தெரியவில்லை. வேலைச் சட்டையில் ஃபெஸ்டி எங்கிருந்து வந்தார் என்பது இப்போது விளங்கியது. தம்பியின் பாதியைச் சுத்தம் செய்துவிட்டு, பிடுங்கிய களையைக் கொட்டப் போகும் வழியில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறார். விரலைத் தூக்கியிருக்கிறார். மாலக்கிக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அழுதார்.

ஒலிபெருக்கியில் ஜெபமாலை தொடங்கி இரண்டு ஜெபம் முடிந்த பிறகு ஃபெஸ்டி வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்து டை. எழுபத்தொன்பது வயது. யாரையும் பார்க்காமல் வந்து, வலது பக்கம் தன் இடத்தில் நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். இவர்கள் மேலும் நாலு துளி விழுந்தது. அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. மந்திரிப்பு முடிந்தால் ஃபெஸ்டி போய்விடுவார். மாலக்கி வலது கையை நீட்டித் தடவி, கல்லறைக் கல்லின் வளைந்த மேல் விளிம்பைப் பிடித்தார். ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோலவே பிடித்தார். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். தூக்கியபடியே வைத்திருந்தார்.

ஃபெஸ்டி அந்த விரலைப் பார்த்தார். தொப்பியிலிருந்து அவர் கை நகரவில்லை.

"வண்டி ஓட்டாதவனுக்கு விரல் எதுக்குடா?" என்றார். "வாய் செத்துப்போச்சா?"

அப்பா அம்மா பெயர் வெட்டிய கல்லுக்கு மேலாக அந்தக் குரல் வந்தது. கரகரத்திருந்தது. வயதாகியிருந்தது. அண்ணனின் குரலுக்கு வயதாகும் என்று மாலக்கி நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அண்ணே." மாலக்கி இடது பாதியைக் காட்டினார். "என் பக்கத்துக் களைய நீங்களா எடுத்தீங்க?"

"பின்ன, அப்பாவா எந்திரிச்சு எடுத்தாரு?"

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தை விட்டுவிட்டார்கள். உதடு மட்டும் அசைந்தது, காது முழுக்க இங்கே இருந்தது.

"அண்ணே, ரோட்டுல நான் தூக்கினேன். சத்தியமா. பூத்தொட்டி மறைச்சிருச்சு. எனக்கு இப்பக் கண்ணு..."

"தெரியும். கடையில சொன்னாங்க." ஃபெஸ்டி மூக்கை உறிஞ்சினார். "ஜனவரியிலிருந்து ஒவ்வொரு காரா பாத்தேன். நீ வரல."

மாலக்கி கல்லைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது இப்போது கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "அந்தக் கேட்டு அண்ணே... இன்னும் பூட்டியா இருக்கு?"

"பூட்டா? அது துருப்பிடிச்சு விழுந்து நாலு வருஷமாச்சு. நான் மாத்தல. தெறந்துதான் கெடக்கு. நீதான் அந்தப் பக்கமே வராம ரெண்டு மைல் சுத்திப் போனியே."

நாலு வருடம்! நாலு வருடமும் வாரத்துக்கு மூன்று முறை இதே அண்ணனைச் சாலையில் எதிர்கொண்டார். ஒரு கை தூரத்தில்.

"சொல்லியிருக்கலாமே அண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

ஃபெஸ்டி தன் வலது கையைத் தொப்பியிலிருந்து எடுத்தார். ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத வெச்சுக்கிட்டு அத எப்படிடா சொல்றது?" என்றார்.