யாக் சாணத்தில் இல்லாத வைக்கோல்

மெல்பர்னில் கால்நடைத் தீவன ஆய்வகம் ஒன்றில் சந்திரகலா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிபாரிசுக் கடிதம் எழுதியவர் சென்னையில் அவளுக்குப் பாடம் நடத்திய நரசிம்மன். 1976இல் அவருடைய அறிக்கையே அவள் மேசைக்கு வந்தது. நேபாளத்து மலையுச்சிக் கிராமத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்கி, யாக் எனும் பனிமலைச் சடைமாடுகளுக்கும், யாக்கும் நாட்டு மாடும் கலந்த கலப்பு மாடுகளுக்கும் தீனி போடுவதைப் பார்த்து எழுதியதாம். இரண்டுக்கும் தினமும் வைக்கோல், மாவு, உப்பு என்று இருந்தது.

கூடவே வந்த சாணப் பொட்டலங்களை நுண்ணோக்கியில் வைத்தாள். கலப்பு மாட்டுச் சாணத்தில் வைக்கோல் நார் நிறைய. யாக் சாணத்தில் மருந்துக்கும் இல்லை, வெறும் மலைப்புல். மூன்று முறை பார்த்தாள்.

ஆகஸ்டில் மெல்பர்ன் கருத்தரங்குக்கு வந்த நரசிம்மனைக் கிளென் வேவர்லியிலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். ரசம் ஊற்றும்போது கேட்டாள்:

"யாக்கை எங்க சார் கட்டுவாங்க?"

"கொட்டில்லதான். ஏன்?"

"சாணத்துல ஒரு வைக்கோல் நாரும் இல்லையே."

"பொட்டலம் மாறியிருக்கும்."

"நானே சேகரிச்சேன்னு எழுதியிருக்கீங்களே."

அவர் கை சோற்றில் நின்றது. "என்னையே சந்தேகப்படறியா?"

"ஆமா சார்."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். மலை ஏறின மூணாம் நாளே தலை வெடித்ததாம், வாந்தியாம். கீழே கடைத்தெருவில் தங்கிவிட்டார். பாசாங் என்ற மேய்ச்சல்காரிதான் மாதாமாதம் பொட்டலங்களை இறக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"'யாக்கை மேலயே விட்டுடுவோம், பனியை மூஞ்சியால தள்ளி மேயும்'னு பாசாங் சொன்னா. சினை மாட்டுக்கும் நோஞ்சானுக்கும் மட்டும் ஒரு பிடி காஞ்ச புல். கலப்பு மாட்டுக்குத்தான் வீட்டோட வைக்கோல், மாவு எல்லாம்."

"அப்படியே எழுதியிருக்கலாமே?"

"படிக்காத பொம்பளை சொன்னதை யாரு நம்புவா? கீழ பார்த்த கலப்பு மாட்டை வச்சே எல்லாத்தையும் எழுதிட்டேன்."

மறுநாளே திருத்த அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். பாசாங் பெயரை முதலில் போட்டாள். அவர் முதலில் மறுத்தார். மூன்றாம் நாள் கையெழுத்திட்டார். அதன்பின் அவரிடமிருந்து கடிதமே இல்லை.

அந்த மேய்ச்சல்காரிக்கு அறிக்கையை அவர் சேர்ப்பார் என்ற நம்பிக்கை சந்திரகலாவுக்கு வரவில்லை. பொட்டலங்களின் முத்திரையிலிருந்த கடைத்தெருத் தபால் நிலைய முகவரிக்கு, பாசாங் பெயரில், தானே ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.