கோட்டு மட்டும் வந்தது

அப்பாவின் விறைத்த கைகளைக் கோட்டுக்குள் நுழைத்து முடித்த பிறகுதான் வர்வாராவுக்கு உறைத்தது: கால்சட்டை இல்லை.

சொந்த ஊர் லிசிச்சான்ஸ்கில் குண்டு விழுந்த அன்று அப்பா, கிழவர் நிக்கிஃபோர், வாரிக்கொண்டு வந்தது கோட்டை மட்டும். இந்த வின்னித்ஸியா அகதிகள் விடுதியில் நான்கு மாதமாக அந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. காசநோய் மாத்திரை விழுங்குவதைத் தினமும் கைப்பேசியில் படம்பிடித்து, மருத்துவ உதவிக் குழுவின் நர்ஸ் ஸொலோமியாவுக்கு அனுப்ப வேண்டும். மேலே கோட்டும் அதன் பையில் கிடந்த டையும், கீழே ஓட்டை விழுந்த உள்ளாடையுமாக உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசிவிட்டு விழுங்குவார். நேற்றுக் காலை எழுப்பப் போனால், இதயம் நின்றிருந்தது.

வாசலில் விடுதிக் காப்பாளர் மெலானியா இரண்டு முகமூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு நின்று, துடைப்பக் கம்பு நுனியில் ஒரு கால்சட்டையை நீட்டினாள். "எங்க வீட்டுக்காரரோடது. உசுரோட இருந்தப்ப போட்டது. இடுப்பு கொஞ்சம் பெருசு."

"கொஞ்சமாக்கா? இதுல அப்பாவும் நானும் சேர்ந்தே போகலாம்."

"அவர் என்ன நடந்தா போகப் போறாரு? பின்னால மடிச்சு ஊசி குத்து."

"உள்ள வந்து குத்திக் குடுங்களேன்."

மெலானியா கம்போடு ஓரடி பின்னால் போனாள். மாடி முழுக்க அப்படித்தான், காசநோய் தொற்றிவிடும் என்ற பயம். பத்து மணிக்கு அடக்கம். பெட்டி தூக்க இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.

ஸொலோமியா வெறும் முகத்தோடு வந்தாள். கிழவரின் நெற்றியில் முத்தமிட்டாள்.

"ஏம்மா, முகமூடி எங்க?" மெலானியா அலறினாள்.

"ரெண்டாம் மாசமே சளியில கிருமி இல்லக்கா. தொத்தாதுன்னு கதவுலயே காயிதம் ஒட்டினேனே!"

"அதா? முத்திரையப் பாத்து, பட்டாளத்துக்கு ஆள் புடிக்கிற நோட்டீஸுன்னு எந்த ஆம்பளையும் கிட்டயே போகல."

ஸொலோமியா கைப்பேசியைத் திறந்து அவளிடம் காட்டினாள். திரையில் கிழவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம். தலைப்புச் செய்தி. எதிர் அறை மெலானியாம்மா இன்னிக்கும் முட்டைக்கோஸ் சூப் வச்சிருக்காங்க. வாசனை கதவிடுக்கு வழியா வந்திருச்சு. சூப் இன்னும் வந்து சேரல. வானிலை: சேரவும் வாய்ப்பில்ல."

மெலானியா குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முகமூடிகளைக் கழற்றிப் பையில் திணித்தாள். நடைவழியைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், அது பட்டாள நோட்டீஸு இல்லய்யா! பெட்டி தூக்க வாங்க!"

கதவுகள் திறந்தன. ஆறு பேர் வந்தார்கள். தலைப்பக்கம் யார் பிடிப்பது என்பதில் படி இறங்கும்வரை சண்டை. கிழவர் இரண்டு தடவை சுவரில் இடித்துக்கொண்டார்.

"மெதுவாய்யா! மெதுவா!" என்றாள் வர்வாரா.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் அவள் அறைக்குள்ளேயே வந்தார்கள். கட்டில் நிறைந்தது. மீதிப்பேர் தரையில். ஒரு பெரிய கிண்ணத்தில், இழவு வீட்டு வழக்கப்படி, தேன் கலந்த கோதுமைச் சோறு. ஒன்பது பேருக்கு நான்கு கரண்டிகள்.

வர்வாரா ஒரு வாய் சாப்பிட்டுக் கரண்டியைக் கழுவ எழுந்தாள்.

"எங்க போற?" மெலானியா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். "குடு இங்க. பசிக்குது."

அப்படியே கிண்ணத்தில் விட்டு அள்ளினாள்.