சிவசண்முகம் பிள்ளையின் சவரம்

சிவசண்முகம் பிள்ளை தன் முகத்தின் மேல் வைத்திருந்த மரியாதையை வேறு யாரும் அதன் மேல் வைத்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் அவர் குமாஸ்தா. வயது முப்பத்துநாலு. தாத்தா காலத்தில் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயல் இருந்தது. அப்பா காலத்தில் அது கைவிட்டுப் போயிற்று. இவர் காலத்தில் அந்த வயலைப் பற்றிய பேச்சு மட்டும் மிச்சம்.

வாரம் இரண்டு முறை கொம்பையா என்ற நாவிதர் வீட்டின் பின்கட்டுக்கு வந்து, முகத்தையும் குடுமிக்கு முன்னால் உள்ள தலையையும் வழித்துவிட்டுப் போவார். பிள்ளைக்கு முதல் முடி எடுத்ததே அவர்தான். ஆனாலும் அந்த ஐம்பத்தைந்து வயது மனிதரைப் பிள்ளை "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்.

1912-ஆம் வருஷம் கொம்பையா மார்க்கெட் பக்கம் ஒரு கடை போட்டார். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, துவைத்த வெள்ளைத் துண்டுகள். ஒருநாள் காலையில் பிள்ளையின் ஒரு கன்னத்தை வழித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"அய்யா, இனிமே வீடு வீடா வர முடியாது. முழங்கால் வலிக்கு. கடைக்கு வந்துருங்க. அய்யாவைக் காக்க வைக்க மாட்டேன்."

"எங்கலே வரணும்? கண்டவன் உக்காந்த நாற்காலிக்கா?"

"தொடச்சுத்தான் போடுதேன்யா."

"உன் வேலையில என்னலே இருக்கு? ஒரு இரும்புத் துண்டு, கொஞ்சம் தண்ணி. கை உள்ளவன் எவனும் செய்யலாம். நானே செஞ்சுக்கிடுதேன், போ."

கொம்பையா மறு கன்னத்தையும் வழித்தார். கிண்ணியைக் கழுவினார். கத்தியை மடக்கினார். "நல்லதுய்யா. தொண்டைப் பக்கம் மட்டும் பைய வழிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிடத் திமிரான பேச்சைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்று பிள்ளை மனைவியிடம் சொன்னார்.

"அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டாள் பார்வதியம்மாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் பிள்ளை. எந்தப் பேச்சையும் அவர் முடிக்கும் விதம் அது.

மதராஸிலிருந்து தபாலில் சீமைக் கத்தி ஒன்று வந்தது. கூடவே கத்தியை நீவித் தீட்ட ஒரு தோல்வாரும் சோப்புக் கட்டியும். பிள்ளை அதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டினார். கச்சேரிக்கும் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடித் தூணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேங்காய் துருவுகிறவரைப் போல முகத்தைச் சுரண்டத் தொடங்கினார். தாடையில் இரண்டு வெட்டு, காதோரத்தில் ஒன்று. முன்தலையைக் கண்ணாடியில் சரியாகப் பார்க்க முடியாததால் அங்கே கணக்கே இல்லை. படிகாரத்தை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிட்டு, வழக்கப்படி தலை முழுகக் குடத்தை எடுத்தார்.

"இப்ப எதுக்குத் தலை முழுகுதீய?" என்றாள் பார்வதி. "கொம்பையா தொட்டாத்தான் தீட்டும்பீய. இன்னைக்குத் தொட்டது நீங்கதானே? உங்க தீட்டு உங்களுக்கே ஒட்டுமா?"

பிள்ளை குடத்தைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்து, கோபத்தோடு முழுகினார்.

இரண்டாம் வாரம் கத்தி மயிரை வெட்டாமல் பிடுங்கியது. தீட்டினால் சரியாகிவிடும் என்று பிள்ளைக்குத் தோன்றியது. தீட்டுவதற்கு வீட்டில் இருந்த கல் அம்மி. தண்ணீர் தெளித்து, அரிவாளைத் தேய்ப்பதுபோல அரை நாழிகை தேய்த்தார். கத்தி பளபளத்தது. மறுநாள் அது கன்னத்துத் தோலை ஒரு புளியங்கொட்டை அளவுக்கு எடுத்துவிட்டது. பூனை பிறாண்டிவிட்டது என்று கச்சேரியில் சொன்னார். அவர் வீட்டில் பூனை கிடையாது.

புருஷன் பஞ்சு ஒட்டிய முகத்தோடு கச்சேரிக்குப் போவது பார்வதிக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலாக அந்தக் கத்தி அவளுக்குப் புதிராக இருந்தது. கொம்பையாவின் கையில் வெண்ணெய்போல ஓடிய ஒரு பொருள் இவர் கையில் ஏன் இப்படி ஆகிறது? ஒருநாள் துணிமூட்டைக்குள் கத்தியை வைத்து வாய்க்கால் படித்துறைக்கு எடுத்துப் போனாள். அங்கே கொம்பையாவின் மனைவி அன்னத்தாய் குளித்துக்கொண்டிருந்தாள். பார்வதியின் இரண்டு பிரசவத்தையும் பார்த்த மருத்துவச்சி அவள்.

அன்னத்தாய் கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இது கத்தியா, ரம்பமா ஆச்சி? எதுல தீட்டுனாக?"

"அம்மியில."

அன்னத்தாய் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு வேலையில ஒண்ணுமே இல்லைன்னாகளாமே! ஒண்ணுமில்லாத வேலைக்கு இவ்வளவு ரத்தமா?"

"சிரிச்சது போதும். உங்க வீட்டுக்காரரு இதைச் சரிபண்ணித் தருவாரா?"

"அவரு என்னத்தைத் தருவாரு? முப்பது வருசமா அவரு கத்திக்குப் பதம் வைக்கது யாருன்னு நினைச்சீய? நான்தான். கல்லைக் கொண்டாரேன். நீங்களே படிச்சுக்கிடுங்க."

மறுநாள் மத்தியானம் வழவழப்பான கறுப்புக் கல் ஒன்றோடு வந்தாள். கத்தியின் முதுகும் வெட்டுகிற வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும். கல்லில் வாய் முன்னால் போக வேண்டும். தோல்வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். "அழுத்தாதீய ஆச்சி. கத்தியோட கனமே போதும். காதைக் குடுத்துக் கேளுங்க, சத்தம் மாறும்."

அம்மி செய்த பாவத்தைத் தீர்க்க நாலு மத்தியானம் ஆயிற்று. சத்தம் கரகரப்பிலிருந்து மெல்லத் தணிந்து, கடைசியில் பட்டுத் துணி உரசுவதுபோல ஆனது. ஐந்தாம் நாள் பார்வதி தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கத்தியின் மேல் விட்டாள். அது இரண்டாக விழுந்தது. அவள் இன்னொன்றைப் பிடுங்கி விட்டாள். அதுவும் விழுந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "உக்காருங்க" என்றாள் புருஷனிடம்.

"நீயா?"

"கழுத்து உங்களோடது. யோசிச்சுச் சொல்லுங்க."

முகத்தில் ஏற்கெனவே நாலு காயம் இருந்ததால் பிள்ளை அதிகம் யோசிக்கவில்லை. பார்வதி வெந்நீரில் முக்கிய துணியை முகத்தில் போட்டு மயிரை இளக்கினாள். இடது கை விரலால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, மயிர் படிந்த போக்கிலேயே இறக்கினாள். கத்தி தொண்டைக்கு வந்தபோது பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. முன்தலையும் கண்ணாடிபோல ஆயிற்று.

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "சீமைக் கத்தி சீமைக் கத்திதான்" என்றார்.

பார்வதி கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

அதன்பின் ஒரு வருஷம் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவள்தான் வழித்துவிட்டாள். கச்சேரியிலோ பிள்ளையின் பிரசங்கம் ஓயவில்லை. தன் கையே தனக்கு நாவிதன் என்றார். மணிக்கட்டின் நுணுக்கத்தை வெறும் கையால் காற்றில் வழித்துக் காட்டினார். மேலதிகாரியான டிப்டி தாசில்தார் கிருபைராஜ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அவரும் சொந்தமாகச் சவரம் செய்துகொள்கிறவர். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர் அல்ல.

மறு வருஷம் பங்குனியில் ஏரல் ஊரில் கச்சேரி முகாம். மூன்றாம் நாள் காலையில் கிருபைராஜ் சாவடியில் வைத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"என்னவே பிள்ளைவாள், கன்னம் அறுப்பு முடிஞ்ச வயல் மாதிரி இருக்கு?"

"கத்தியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் சார்."

"அதுக்கென்ன, என் கத்தி இருக்கு. எங்க அப்பா வச்சிருந்தது. வார்ல நாலு இழுப்பு இழுத்து வழிச்சுக்கிடும். நீரு கெட்டிக்காரர், நானும் பாத்துப் படிச்சுக்கிடுதேன்."

ஜன்னல் கம்பியில் தோல்வாரை அவரே மாட்டிக் கொடுத்தார். ஊர்க் கணக்கு எழுதும் இரண்டு கர்ணங்களும் கிராம முன்சீபும் பார்க்க வந்து நின்றார்கள். மனைவி தினமும் தீட்டிய நேரத்தில் பிள்ளை வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். தோலில் கத்தி முன்னும் பின்னும் போகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வாயை முன்னால் வைத்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். தோல்வார் இரண்டாக அறுந்தது. கத்தி ஜன்னல் கம்பியில் மோதி, வாயிலிருந்து ஒரு அரிசி அளவு தெறித்து விழுந்தது.

"தோல் சரியில்லை சார்" என்றார் பிள்ளை.

கிருபைராஜ் குனிந்து தோல்துண்டை எடுத்தார். "இருபது வருசமா இதுலதான் தீட்டுதேன்" என்றார். அவர் குரல் உயரவில்லை. ஏரல் நாவிதரை அழைத்து வரச் சொன்னார். வந்தவர் கத்தியைப் பார்த்துவிட்டு, "எசமான், இதை வெறகு வெட்டக் குடுத்தது யாரு?" என்று கேட்டார். ஒரு கர்ணம் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கிருபைராஜ் கேட்டார்: "அப்ப உம்ம முகத்தை இத்தனை நாளா வழிச்சது யாருவே?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவமானம் அங்கேயே முடிந்திருக்கும். பார்வதிக்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கும். பிள்ளை "நான்தான் சார்" என்றார். யாரும் நம்பவில்லை. அன்று அந்த ஏரல் நாவிதருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் அவர் முகத்தை வழித்துக்கொண்டார்.

முகாம் முடிந்து வண்டி பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் கதை வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எனக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா இந்த அவமானம் வந்திருக்குமா?"

"ஒரு வருசமா உங்க மூக்குக்கு முன்னாலதான் தீட்டுனேன். ஒருநாளாவது என்ன செய்யுதேன்னு பாத்தீயளா?"

"இனிமே என் முகத்தைத் தொடாதே."

"நல்லது" என்றாள் பார்வதி. இந்த வார்த்தைக்காக வெகுநாள் காத்திருந்தவள்போல இருந்தது அவள் குரல்.

மறுநாளிலிருந்து தாடி வளர்ந்தது. கேட்டவர்களிடம் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பொய்யிலேயே இதுதான் கெட்ட பொய். இதற்கு முடிவு ஒன்று வேண்டும். எந்த மாதம் முடி எடுக்கப் போகிறீர்கள் என்று தெரு முழுக்கக் கேட்டது. பிள்ளை கேட்காமலேயே கிருபைராஜ் லீவு கொடுத்தார். பார்வதியின் அண்ணன் வண்டி பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டார். ஆவணியில் பிள்ளை திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தார்.

கடற்கரையில் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வழித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவில் கத்தியைத் தீட்ட நேரமில்லை. பிள்ளையின் தாடி விழுந்தது. பதினைந்து வருஷமாக எண்ணெய் தேய்த்து வளர்த்த குடுமியும் மணலில் விழுந்தது. பத்தடி தள்ளி நின்ற பார்வதி கத்தி எழுப்பிய சத்தத்தை வைத்தே அது மழுங்கல் என்று தெரிந்துகொண்டாள். சொல்லியிருந்தால் அந்த மனிதர் வேறு கத்தி எடுத்திருப்பார். அவள் சொல்லவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனம் பட்டதும் பிள்ளை பல்லைக் கடித்தார்.

"எரியுது பார்வதி. ரத்தம் வருதா பாரு."

"வருது" என்றாள் அவள். "சாமிக்குத்தானே!"